அப்பாவின் கால்

லேத்தில் கடையும்போது விழும் இரும்புச் சுருளை நம்மில் எத்தனை பேர் ஷூ அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறோம்? நான் கொண்டு போனேன். அதற்கு விலை கொடுத்தவர் என் அப்பா.

அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். நான் இரண்டாமாண்டு படித்தபோது ஒருநாள், அவர் நடந்த சிமெண்ட் தரையெல்லாம் ஈரத் திட்டு.

"என்னப்பா, கால்ல ரத்தம்?"

"எங்கடா? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே!"

பெருவிரலுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு. குத்தி எத்தனை நாளோ, சீழ் பிடித்திருந்தது. அந்த விரலை எடுத்த பிறகுதான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

டாக்டர் சொன்னார்: "தம்பி, வலி இல்லேங்கிறது நல்ல சேதி இல்ல. ரொம்ப நாள் சர்க்கரையில நரம்பு மரத்துப் போச்சு. ரத்த ஓட்டமும் குறைஞ்சா புண் லேசுல ஆறாது."

எனக்குப் புரிந்தது. அலாரம் கெட்டுப்போன மெஷினைத் தினமும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அன்று முதல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா நாற்காலியில், நான் தரையில். "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்குடா?" என்று கூச்சப்பட்டார். இப்போது அவரே காலை நீட்டுகிறார். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பேன். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம் ஏதாவது தெரிந்தால் மறுநாளே டாக்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவோம். சூடு பார்ப்பது என் கை, அவர் கால் அல்ல. இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, குதிகாலுக்கு மட்டும் தேங்காயெண்ணெய். இடுக்கில் எண்ணெய் கூடாது. நகத்தை நேராகத்தான் வெட்டுவேன், ஓரத்தைத் தோண்டுவதில்லை. கால் ஆணியை பிளேடால் சீவும் பழக்கத்தை அம்மா நிறுத்திவிட்டார். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு, அதையும் உதறிவிட்டுத்தான் போடுவார். பிராகாரக் கல் சுடும் என்பதால் உச்சிவேளையில் கோவிலுக்குப் போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் காலைக் காட்டி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

"இன்ஸ்பெக்‌ஷன் ஓகேவா, இன்ஜினியர் சார்?" என்று கேட்பார் அப்பா. ஒன்பது விரலையும் எண்ணிவிட்டு, "ஓகேப்பா" என்பேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் ஒருவர் இருக்கலாம். இன்றிரவு அவர் காலைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நாளை ஒர்க் ஷாப்பை விட்டுக் கிளம்பும்போது ஷூ அடியையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போங்கள்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்