துளைக்கருவியும் தூரிகையும்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் பலர் உளர். அவர்கள் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுவதேன் என மலர்க்குழுவினர் வினவக்கூடும். யாம் இயந்திரம் அறியோம். அறியாமையால் எமக்கு நேர்ந்த ஒன்றையே ஈண்டு எழுதுகின்றோம், அறிந்தோர் பொறுத்தருள்க.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்தது லுணுகலை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோடு வந்த காலந்தொட்டு இப்பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்கு யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். 2023ஆம் ஆண்டில் ஒரு போயா விடுமுறை நாட்காலையில் எம் பழைய மாணவன் ஒருவனும் அவன் தாயாரும் எம் வாயிலில் வந்து நின்றனர். அவன் கையில் பிளாஸ்டிக் பெட்டியொன்று இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது கொங்கிறீற்றிலும் கருங்கல்லிலும் துளையிடும் மின்சாரக் கருவி. ஊரார் அதனை ‘ஹாமர் டிரில்’ என்பர். ஜப்பான் தேசத்து நிறுவனமொன்றின் பெயர் அதிற் பொறித்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்த அம்மாதரசி, ஐம்பது வயது நிறைந்ததும் தமக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை எடுத்து மகனுக்கு வாங்கிக் கொடுத்த பொருள் அது. வாங்கிய வேளையும் பொல்லாத வேளை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மாற்று விலை, அவ்வாண்டு மே மாதத்திற்குள் 360 ரூபாவைத் தாண்டிற்று. கப்பலில் வரும் பொருள்களின் விலையெல்லாம் அதனோடு சேர்ந்து ஏறின. அக்காலத்து மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் வாசகர் மறந்திரார்.

“நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க சேர். ஒரே அடியா நின்னு போச்சு. புகையும் இல்ல, வாடையும் இல்ல,” என்றான் அவன். படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்த ஒரு வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தான். பாதி வேலையில் இந்த முடக்கம். பட்டணத்துக் கடையொன்றிற் காட்டினானாம். அங்கே திறந்தும் பாராமல், மோட்டார் எரிந்துவிட்டது, வேண்டுமானால் பழைய இரும்பு விலைக்கு வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டனராம். அன்றிரவு தாயார் உறங்கவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. அவர் கண்கள் சொல்லின.

எம்மிடம் வந்ததன் காரணம் பெட்டியில் இருந்த கையேடு. அதில் ஆங்கிலம் முதலாகப் பல மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டாயிற்று. அச்செய்தி கையேடு அச்சிடுவோரை இன்னும் எட்டவில்லை போலும்.

இங்கே ஒன்றை மறையாது சொல்லவேண்டும். இவன் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது கட்டுரைப் பயிற்சிகளில் ஒருபோதும் தேறியதில்லை. பெற்றோர் கூட்டமொன்றில், பலர் முன்னிலையில், “இவன் கைக்குப் பேனா வராது அம்மா, சுத்தியல்தான் வரும்” என்று யாம் கூறினோம். சிலர் சிரித்தனர். இப்போது அதே தாயார் எம் திண்ணையில் அமர்ந்து, “அன்னைக்கு சேர் சொன்னீங்களே, அது பலிச்சிருச்சு, இவன் கைவேலைக்காரன்தான்,” என்றார். பாராட்டாகவே சொன்னார். எமக்கு அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை, கையேட்டைப் பிரித்தோம்.

முதலில் செய்தவை எளியன. அதே மின் துவாரத்தில் மேசை விளக்கைச் சொருகினோம், எரிந்தது. ஆகவே குற்றம் மின்சாரத்தில் இல்லை. 13 அம்பியர் பிளக்கினுள் உருகி ஒன்று உண்டு. எம் ஸ்திரிக்கைப் பெட்டியின் பிளக்கிலிருந்து உருகியைக் கழற்றி அதில் இட்டுப் பார்த்தோம், பயனில்லை. வடம் கைப்பிடிக்குள் நுழையுமிடத்திற் கம்பி உள்ளே அறுவது வழக்கம் என்று அவன் சொன்னான். பொத்தானை அழுத்தியவாறே அவ்விடத்தை மெல்ல அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தான். ஒரு துடிப்பும் இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தோம். எரிந்த மோட்டாருக்கு ஒரு கருகல் நாற்றம் உண்டென்பர். இதில் சீமெந்துத் தூசின் மணமே இருந்தது.

பின்னர் கையேட்டின் பராமரிப்புப் பக்கத்தில் ‘பிரஷ்’ என்னும் சொல்லைக் கண்டோம். அவற்றைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும் என்றும், தேய்ந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும் என்றும் எழுதியிருந்தது. யாம் மிக்க நம்பிக்கையோடு, “தம்பி, இதனைத் துடைக்கப் பெட்டியில் இரண்டு தூரிகைகள் வந்திருக்க வேண்டுமே, எங்கே?” என்று கேட்டோம். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். தாயார் வீட்டில் எங்கேனும் விழுந்திருக்குமோ என்று கலங்கினார். ஈற்றில் எம் மகளின் வர்ணப் பெட்டியிலிருந்து ஒரு தூரிகையை எடுத்துவந்து, காற்றுத் துவாரங்களைக் கால்மணி நேரம் பத்தியோடு துடைத்தோம். கருவி பழைய மௌனத்திலேயே இருந்தது.

அவனோ எழுத்தை விட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சேர், இது பெயின்ட் பிரஷ் இல்லீங்க. விஞ்ஞானத்துல மோட்டார் படம் போட்டு ‘காபன் தூரிகை’ன்னு இருந்துச்சே,” என்றான். பிளக்கைக் கழற்றித் தூர வைத்தான். கருவியின் இரு பக்கத்திலும் இருந்த வட்ட மூடிகளைத் திருப்புளியால் திறந்தான். சுருள்வில்லின் நுனியிலே ஒட்டிக்கொண்டு, விரல் நகத்தளவும் இல்லாத கரிய கட்டிகள் இரண்டு வெளியே வந்தன.

இவ்விரு கட்டிகளே, சுழலும் பாகத்தில் உள்ள செப்புத் தகடு பதித்த உருளைக்கு மின்சாரத்தைச் சேர்ப்பன. உரசி உரசித் தேய்வதே அவற்றின் கடமை. உருளை தேயாதிருக்கக் கட்டி தேய்கிறது. சிலவகைக் கருவிகளிற் கட்டியின் உள்ளே மின்கடத்தாத ஒரு முளையைப் பதித்து வைக்கின்றனர். கரி ஓர் எல்லைக்கு மேல் தேய்ந்ததும் அம்முளை வெளிப்பட்டு உருளையைத் தொட, மின்சாரம் அறுந்து கருவி தானாகவே நின்றுவிடுகிறது. அப்படி நில்லாவிடில் எஞ்சிய கரியும் வில்லும் செப்பைக் கீறி, திருத்தவொண்ணாதபடி கெடுத்துவிடும். எரிந்துவிட்டது என்று கடையிற் சொல்லப்பட்ட இயந்திரம் எரியாதிருக்கவே நின்றிருந்தது.

கரிக்கட்டிக்குத் தூரிகை என்று பெயர் வந்தது எங்ஙனம்? ஆதியில் வந்த மின்னாக்கிகளில் உருளையைத் தொட்டவை செப்புக் கம்பிக் கற்றைகள். தோற்றத்தில் அவை தூரிகைகளே. அவை உருளையைப் பிறாண்டிப் பொறி கக்கின. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் போர்ப்ஸ் என்னும் பொறியியலாளர் 1885ஆம் ஆண்டில் அவ்விடத்திற் காபனைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜேர்மனியின் பைன் நிறுவனத்தார் கையிற் பிடிக்கும் மின் துளைக்கருவியைச் செய்தது 1895இல். அதற்குள் கம்பி போய்க் கரி வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அது தேங்காய்க்கும் சென்றது, மண்ணெண்ணெய்க்கும் சென்றது. இதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் யாம், வர்ணத் தூரிகையோடு கால்மணி நேரம் போராடினோம்.

மறுநாள் அவன் பழைய கட்டிகளை ஒரு கடதாசியிற் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் பஸ்ஸேறினான். நீள அகல உயரம் மூன்றும் பொருந்தவேண்டும் என்பதால் மாதிரி இன்றி வாங்கலாகாது. மூன்றாம் கடையிற் கிடைத்ததாம். விலை அவனுடைய அரைநாட் கூலிக்கும் குறைவு. இரண்டையும் பொருத்தி, பளுவின்றிச் சில நிமிடம் ஓடவிட்டான். புதிய கரி உருளையின் வளைவுக்கு இசையும்வரை சிறு பொறி தெரியும், பயப்படவேண்டாம் என்று எமக்குத் தைரியம் சொன்னான். வேலை வெள்ளிக்கிழமைக்கு முன்பே முடிந்ததென்று பின்னர் அறிந்தோம்.

கையேட்டின் அந்த இரண்டு பக்கங்களைத் தமிழில் எழுதித் தருமாறு அவன் கேட்டிருந்தான். மெல்லிய கம்பியால் நீட்டிய வடத்தில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும் என்பதையும், சுருட்டிய வடத்தை முழுதும் விரித்த பின்னரே பயன்படுத்தவேண்டும் என்பதையும் சேர்த்து, அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தோம். வாசித்தவன் எம் பேனாவை இரந்து வாங்கி, ‘தூரிகை’ என்று வருமிடமெல்லாம் பக்கத்தில் ‘காபன்’ என்று எழுதினான். “நம்ம பொடியன்களுக்கு இப்படிச் சொன்னாத்தான் சேர் விளங்கும்.” எழுத்து கோணலாயிருந்தது, பிழை ஒன்றுமில்லை. பெற்றோர் கூட்டத்தில் யாம் சொன்ன சொல்லைக் குறித்து அப்போதுதான் அவனிடம் பேசத் தொடங்கினோம். அவன் பேனாவை மூடி எம் சட்டைப்பையிற் சொருகிவிட்டு, “அதையெல்லாம் ஏன் சேர்,” என்றான்.

அடுத்த மாதம் வேறொரு தோட்டத்து இளைஞன் கிரைண்டர் ஒன்றோடு வந்து, அதே தாளின் பிரதி வேண்டும் என்றான். தேய்ந்த கட்டி ஒன்று எம் சோக்குப் பெட்டியிற் கிடக்கிறது. எண்ணெய் என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில் அதனை எடுத்து மேசைமேல் வைக்கின்றோம்.