புரோக்கர் ஆகப் போகிறீர்களா?

ரியல் எஸ்டேட் தொழிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், வேறு ஏதோ தொழிலுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கிக் கொண்டவர்கள்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஜெராக்ஸ் கடைக்காரர், வி.ஆர்.எஸ். வாங்கியவர், 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' என்று யாராவது கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டிய மாப்பிள்ளை... எல்லாரையும் இந்தத் தொழில் அன்போடு வரவேற்கும். என்ன படித்தீர்கள் என்று கேட்காது. முதலீடு எவ்வளவு என்று கேட்காது. ஒரு டூ வீலர், ஒரு செல்போன், ஒரு பாக்கெட் விசிட்டிங் கார்டு. அவ்வளவுதான், நீங்கள் தொழிலதிபர்!

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் மனையும் வீடும் முடித்துக் கொடுத்துக் கொண்டிருக்கிறேன். இருபத்தேழு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஓர் இளைஞராவது வந்து, "அண்ணே, தொழிலைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வது கட்டுப்படியாகவில்லை. அதனால் மொத்தமாக இங்கே.

முதல் விஷயம், சோறு. அடுத்த ஆறு மாதத்துக்கு வீட்டு அரிசிக்கும் பெட்ரோலுக்கும் வேறு ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். கிரயம் என்றால் வாங்குகிறவரிடம் ஒன்றோ இரண்டோ சதவிகிதம், விற்கிறவரிடமும் அதேபோல; வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை... இதெல்லாம் பழக்கத்தில் இருக்கிற கணக்கு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நடுவில் ஆடி மாதம் என்று ஒன்று வரும். வீடு பார்ப்பார்கள், பிடிக்கும், விலைகூடப் பேசுவார்கள், "ஆவணி பொறக்கட்டும்" என்று எழுந்து போய்விடுவார்கள். மார்கழியில் இதே நாடகம் மறுபடியும் ஒரு முறை. ஆக, உங்கள் வருஷத்துக்குப் பத்தே மாதம்தான்.

கமிஷனை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டீர்களோ, பத்திரம் முடிந்ததும் "பாத்து செய்றேன்" என்பார்கள். இந்த ஊரில் 'பார்த்துச் செய்தவர்' யாரையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஒரு மனைக்கு ஒரு புரோக்கர் என்ற காலம் எப்போதும் இருந்ததில்லை. டீக்கடைக்காரர் சொல்லி, அவர் மச்சான் சொல்லி, அவருடைய நண்பர் சொல்லி உங்களிடம் வந்திருக்கும். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கல்யாண வீட்டு சம்பந்திகள் மாதிரி ஏழு பேர் நிற்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று முன்னாலேயே பேசாவிட்டால், ஜூஸ் கடையிலேயே அடிதடி!

ஆரம்பத்தில் வாடகை வீடு பிடித்துக் கொடுங்கள். காசு குறைவு, ஆனால் படிப்பு அதிகம். எந்தத் தெருவில் தண்ணீர் உப்பு, எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது சுவரிலுள்ள ஆணி ஓட்டைகளை எண்ணுவார் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். வீடு பார்க்க வரும் தம்பதியைக் கவனியுங்கள். ஐயா மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார், தூணைத் தட்டிப் பார்ப்பார், பெரிய இன்ஜினீயர் மாதிரி தலையாட்டுவார். அந்த அம்மா நேராக சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறப்பார். வியாபாரம் முடிவதும் முறிவதும் அந்த ஜன்னலில்தான்.

அடுத்தது அளவு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. நம் சென்னைப் பக்கத்து கிரவுண்ட் 2,400 சதுர அடி. மதுரைக்காரர் "அஞ்சு சென்ட் வேணும்" என்றால், அது 2,178 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வாய் தானாகச் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் கால்குலேட்டரைத் தேடுகிற புரோக்கரை எவனும் நம்பமாட்டான்.

இனி காகிதம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்கிற ஈ.சி., பட்டா... இந்த மூன்றையும் படிக்கத் தெரியாமல் மனை காட்டப் போவது, மருந்து பேர் தெரியாமல் மெடிக்கல் ஷாப் வைப்பது மாதிரி. இன்று பட்டாவையும் ஈ.சி.யையும் அரசு இணையதளத்தில் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். ஆனால், "ஈ.சி. கிளீனா இருக்கு சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். பதிவான பத்திரம்தான் ஈ.சி.யில் வரும். பதிவாகாத உடன்படிக்கை வராது. கூடப் பிறந்தவர்களின் மனக்கசப்பு நிச்சயமாக வராது. "ஒரிஜினல் பத்திரம் எங்கே?" என்று கேளுங்கள். "லாக்கர்ல இருக்கு" என்றால், அவருடைய லாக்கரிலா, கடன் கொடுத்த பேங்க்கின் லாக்கரிலா என்றும் கேளுங்கள்.

'பவர்' வைத்திருக்கிறேன் என்று ஒருவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. பொதுவாக, கொடுத்தவர் போனால் பவரும் கூடவே போய்விடும். பவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இதுவே கிரயம் மாதிரிதான்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது.

மனை என்றால் அப்ரூவல். ஒரு காலத்தில் பஞ்சாயத்து முத்திரை ஒன்றைக் காட்டியே வயல்களைக் கூறு போட்டார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அன்றைக்கு எங்கள் ஏரியாவில் பாதி ஆபீஸ்களுக்கு ஷட்டர் இறங்கியது. பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கும் 2016 அக்டோபர் 20 என்று ஒரு கெடு. அதனால் சி.எம்.டி.ஏ.வா, டி.டி.சி.பி.யா, ஒப்புதல் எண் என்ன என்பதைப் பார்க்காமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு பதிவு உண்டு. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, 'ரெரா'வில் பதிவாக வேண்டிய திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்க, ஏஜென்ட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்யாமல் தொழில் பார்த்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் ஐந்து சதவிகிதம் வரை ஏறலாம். நீங்கள் வாங்கப் போகிற கமிஷனே ஒன்றோ இரண்டோதான். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்!

பணம் கை மாறும்போது நடுவில் உங்கள் கை இருக்க வேண்டாம். அட்வான்ஸை வாங்குகிறவரே விற்கிறவர் கணக்குக்கு அனுப்பட்டும். நிலம், வீட்டுக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. "நீங்களே வெச்சிருங்கண்ணே, நம்பிக்கைதானே" என்று நீட்டினால் கும்பிடு போட்டுவிடுங்கள். அந்த நம்பிக்கை டீல் முறிகிற வரைக்கும்தான் இருக்கும்.

விளம்பரத்தில் எழுதும்போது கொஞ்சம் மனசாட்சி வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தாலும் திறந்தார்கள், மதுராந்தகத்து மனைக்கும் 'கிளாம்பாக்கம் மிக அருகில்' என்று போர்டு வைத்துவிட்டார்கள். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று எழுதுகிறார்கள், எதில் பத்து நிமிடம் என்று எழுதுவதில்லை. ஹெலிகாப்டரில் போனால் சரியாக இருக்கும்!

மனையை வெயிலில் காட்டாதீர்கள், நல்ல மழையில் ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்று படகுக்குக் கையசைத்தவர்கள், அந்த வீட்டைக் கோடைக் காலத்தில் பார்த்து வாங்கியவர்கள்தான். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்து, "மழைன்னா தண்ணி எதுவரைக்கும் வரும் தாத்தா?" என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் வரும்.

இதெல்லாம் படித்துத் தெரிந்து கொள்ளலாம். ஒன்றே ஒன்றை மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

2009-ல் ஊரப்பாக்கம் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரு கிரவுண்டில் ஓட்டு வீடு. விற்கிறவர்கள் இரண்டு தம்பிகள். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார், அம்மாவும் போயாச்சு. வாங்க வந்தவர் ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வாழ்நாள் பணம் மொத்தமும் இதற்குத்தான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் ஒரு போட்டோவைப் பார்த்தேன். அப்பா, அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டு பையன்களுக்கு நடுவில் ஒரு பெண்.

"இது யாரு தம்பி?"

"அக்கா. செய்யாறு பக்கம் கட்டிக் கொடுத்தாச்சு. இருபது பவுன் போட்டுத்தான் அனுப்பினோம். இப்ப பேச்சுவார்த்தை இல்லீங்க."

இருபது பவுன் போட்டாலும் இருநூறு பவுன் போட்டாலும் பங்கு கழியாது. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று நம் மாநிலத்தில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தது. சொன்னேன். தம்பிகளுக்கு முகம் சுருங்கியது. கூட்டாக வந்திருந்த இன்னொரு புரோக்கர் என்னைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஏன்யா வேலில போற ஓணானை..." என்று ஆரம்பித்தார்.

மறுநாள் செய்யாறுக்கு பஸ் ஏறினேன். அந்தம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையெழுத்துக்குத்தான் ஆள் அனுப்பினானுங்களா?" என்றார்.

"அவங்க அனுப்பலைம்மா. நானா வந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பங்கெல்லாம் வேணாங்க. எங்க அம்மா சாவுக்கு வந்தப்பகூட ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டானுங்க. நேர்ல வந்து 'அக்கா'ன்னு கூப்பிடச் சொல்லுங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் வாத்தியாருக்கு வேறு வீடு காட்ட நாலு பேர் வந்தார்கள். என் வீட்டில், "வர்ற கமிஷனை விட்டுட்டு ஊர் ஊரா பஞ்சாயத்து பண்ணுங்க" என்று அர்ச்சனை. கடைசியில் சின்னவர்தான் முதலில் இறங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் இழுத்துக்கொண்டு, பழம், பூவோடு செய்யாறுக்குப் போனார்.

ரெஜிஸ்டர் ஆபீஸில் அந்தம்மா மறுபடியும் பணம் வேண்டாம் என்றார். வாத்தியார் விடவில்லை. "கையெழுத்து உங்களுது, காசு மட்டும் உங்களுது இல்லையாம்மா?" என்று கேட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு அந்தம்மா பேரிலேயே டிராஃப்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். அதை மாற்றுவதற்காகத்தான் அந்தம்மா தன் பேரில் முதல் முதலாக பேங்க் கணக்கு ஆரம்பித்தார் என்று பிறகு சின்னவர் சொன்னார்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் முடித்திருக்கலாம்தான். அன்றைக்கு யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து அந்தம்மாவின் பிள்ளை பாகப்பிரிவினை கேஸ் போட்டிருந்தால், தம்பிகள் பணத்தைச் செலவழித்து முடித்திருப்பார்கள். வாத்தியார்தான் தள்ளாத வயதில் செங்கல்பட்டு கோர்ட் படி ஏறியிருப்பார். புரோக்கர்? அவர் செல் நம்பர் உபயோகத்தில் இருந்திருக்காது!

ஆகவே தம்பிகளே, தங்கைகளே (தங்கைகளும் இப்போது நிறைய வருகிறீர்கள், சந்தோஷம்)... விற்கிற வீட்டில் காபி கொடுத்தால் குடியுங்கள், ஆனால் சுவரிலிருக்கிற போட்டோவில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிவிட்டுக் குடியுங்கள். வாரிசு சான்றிதழில் அத்தனை பேரும் இருக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வக்கீலிடம் லீகல் ஒபீனியன் வாங்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகிற செலவு, உங்கள் பார்ட்டி மொட்டை மாடிக்குப் போடுகிற கூலிங் டைல்ஸைவிடக் குறைவுதான்.

கிரயப் பத்திரத்தில் விற்கிறவர் பெயர் இருக்கும், வாங்குகிறவர் பெயர் இருக்கும், எழுதினவர் பெயர்கூட இருக்கும். புரோக்கர் என்று ஒரு வரி எங்கேயும் கிடையாது. நாய் மாதிரி அலைந்து முடித்துக் கொடுத்தவன் ரெஜிஸ்டர் ஆபீஸ் வேப்ப மரத்தடியில் நிற்பான். ஆனால் கடைசிப் பக்கத்தில், 'சாட்சிகள்' என்று இரண்டு இடம் காலியாக இருக்கும். உள்ளே கூப்பிட்டு, "அண்ணே, சாட்சி ஒண்ணு போடுங்க" என்று பேனாவை நீட்டுவார்கள்.

அந்த இடத்தில் உங்கள் பெயரையும், அப்பா பெயரையும், வீட்டு விலாசத்தையும் கை நடுங்காமல் எழுத முடிகிற டீலை மட்டும் முடித்துக் கொடுங்கள். மற்றதை, அந்த ஏழு பேரில் வேறு யாராவது பார்த்துக் கொள்ளட்டும்.