கரையின் நிறம்

உம்மம்மாவின் படமென்று ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அல்பங்களைத் தூக்க யாருக்குத் தோன்றும்? இது மட்டும் கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போயிருந்த சாச்சியிடம் இருந்ததால் தப்பியது.

வேலணைத் தீவில், சாட்டி வெள்ளைக் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை வொயில் சேலை. காற்றில் பறக்கும் முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறார். ஈரம் பட்டு முகம் உரிந்துவிட்டது. துணி மட்டும் தெளிவு.

அதை எண்ணெய் வர்ணத்தில் பெரிதாக வரைய நினைத்துச் சேலைக் கரையின் நிறத்தைக் கேட்டேன். உம்மா பச்சை என்றார். சாச்சி ஊதா என்றார். பேச்சு இரண்டு நாள் நீண்டது. பச்சையும் ஊதாவும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகக்கூடும். படத்திடம் கேட்டும் பயனில்லை. தெரியாத நிறத்தைப் பூசுவதைவிடச் சாம்பலே நேர்மை என்று பட்டது. ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். 1432இல் முடிந்த கென்ற் பலிபீட ஓவியத்தின் வெளிக்கதவுகளில் இரண்டு புனிதர்கள் கற்சிலைபோலச் சாம்பலிலேயே நிற்கிறார்கள். அங்கே கல், எனக்கு வேண்டியது வொயில்.

ஐவரி பிளெக், அம்பர், டைட்டேனியம் வெள்ளை, மூன்றே ரியூப். அந்தக் கறுப்பு காய நாளெடுக்கும். அம்பர் கலந்தால் சீக்கிரம் காயும், சாம்பலுக்குக் கொஞ்சம் சூடும் வரும். வொயிலுக்குள்ளால் முடி தெரியவேண்டும். முடியை முதலில் கறுப்பாக வரைந்து நன்றாகக் காயவிட்டேன். பிறகு வறண்ட தூரிகையில் துளி வெள்ளை தொட்டு, இருந்தும் இல்லாததுபோல மேலே தேய்த்தேன். கறுப்பின்மேல் மெல்லிய வெள்ளை நீலம் தட்டும். இருட்டுக் குசினியில் அடுப்புப் புகை தெரிவதுபோல. நீல ரியூபைத் திறக்காமலே முக்காட்டில் நீலம் வந்தது.

மடிப்புகளோடுதான் மல்லுக்கட்டு. எல்லாம் பல்லால் கடித்த அந்த ஒரு புள்ளியிலிருந்தே விரிகின்றன. அது இம்மி விலகினாலும் துணி காற்றில் பறக்காது, ஆணியில் தொங்கும்.

உரிந்த முகத்தை நான் நிரப்பவில்லை, நிழலாகவே விட்டேன். முகமில்லாவிட்டால் உருவமில்லை என்று சொல்வோர் உண்டு. நான் அதற்காகச் செய்யவில்லை. எனக்கு அந்த முகம் தெரியாது.

தொழுகிற அறையில் மாட்ட உம்மா சம்மதிக்கவில்லை. படம் அலமாரிக்குள் துணி சுற்றியபடி இருக்கிறது. சில நாட்களில் அஸருக்கு முன்னால் எடுத்துவைத்து, கரையை விரலால் தடவுவார்.

“பச்சைதான்” என்பார்.