மூச்சுக்கு ஒரு சொல்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, குறிஞ்சித் திணையின் மலைவளம் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். தமிழாசிரியனிடம் எவரும் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயின், ஓரிரவு வந்த தொலைபேசி அழைப்பு என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அழைத்தவர் நம் கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்றவர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். இன்று சுவாச நோய் மருத்துவத்தில் விசேட பயிற்சி பெறும் வைத்தியர். அப்பயிற்சியின் நீளம் மலைக்கத்தக்கது. மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டுகள். உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள். முதுநிலை வைத்தியர்களின் நிழலிற் பல்லாண்டுகள். இறுதியில் வெளிநாட்டிலும் சிறிது காலம். அமெரிக்காவில், பொது மருத்துவத்தில் 3 ஆண்டுகள் தேறியவரே நுரையீரல் மருத்துவமும் தீவிர சிகிச்சையும் இணைந்த 3 ஆண்டுப் பயிற்சியிற் சேர்கின்றனர்.

இவ்விரு துறைகளின் உறவு பழையது. 1952 இல் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ நோய் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் பலர் மடிந்தனர். இயந்திரங்களோ மிகச் சில. பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து வைத்தியர், தொண்டையிற் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் வழியைக் காட்டினார். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து அப்பைகளை அமுக்கினர். இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புத்தகப் பையைச் சுமக்கவே சலித்துக்கொள்ளும் நம் மாணவர்க்கு இதனை நான் அடிக்கடி சொல்வதுண்டு!

என் தந்தையார் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்தவர். மாலையில் வரும்போது புருவமெல்லாம் தூசி படிந்திருக்கும். தேயிலைத் தூசிக்கும் சுவாச நோய்க்குமுள்ள தொடர்பினை வைத்தியர் ஊரகொட 1970 இலும் 1980 இலும் மருத்துவ இதழ்களில் எழுதியிருந்தார். எங்கள் லயத்துக்கு அச்செய்தி எட்டவில்லை; இழுப்புக்கு மலைக்குளிரே காரணம் என்றிருந்தோம். 1996 மார்கழியில் ஓரிரவு, கொழுந்து லொறியில் அவரைக் கொண்டுசென்றோம். விடியுமுன் ஒருவர் வெளியே வந்து, எமக்கு விளங்காத மொழியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் நின்ற தாதி கையை விரித்துக் காட்டிய பின்னரே அம்மா அழத் தொடங்கினார்.

என் மாணவர் அன்றிரவு கேட்டதும் அந்த வாக்கியத்தைப் பற்றியதே.

"சேர், மகனுக்கு இயந்திரம்தான் மூச்சு விடுகிறது, இனித் திரும்பாது. அந்த அம்மா தோட்டத்தவர். அவருக்கு இதை எப்படிச் சொல்வது? எனக்கு ஆங்கிலத்தில்தான் வார்த்தை வருகிறது."

இலக்கணம் கற்பித்த எனக்கு நெடுநேரம் நா எழவில்லை. "தம்பி, 'சுவாசம்' என்று சொல்லாதீர், 'மூச்சு' என்றே சொல்லும். நின்றுகொண்டு சொல்லாதீர். அவர் அருகில் அமர்ந்து, அவருக்குத் தெரிந்ததை முதலில் கேளும். அவர் எந்தச் சொல்லால் சொல்கிறாரோ அதே சொல்லால் நீரும் சொல்லும்," என்றேன்.

மறுநாள் அழைத்தார். வாங்கில் அவரோடு அமர்ந்தாராம். "பிள்ளைக்கு நோகுமா?" என்று மட்டுமே அத்தாய் கேட்டாராம். நோகாது என்று சொல்ல முடிந்ததாம்.

அவர் விரைவில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் புறப்படவிருக்கிறார். போகுமுன் தமக்கொரு சொற்பட்டியல் வேண்டும் என்கிறார். இழுப்பு, மேல்மூச்சு, நெஞ்சடைப்பு, திணறல்... அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வருகிறேன். இதுவரை 11 சொற்கள் சேர்ந்துள்ளன.