ஊசுட்டேரிக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சேதராப்பட்டு தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகளைத் தாண்டி பத்துக்கண்ணு பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே காற்று மாறிவிடும். சவுக்குத் தோப்பும் மணிலாக் கொல்லையும் செம்மண்ணோடு முடிந்து, ஊசுட்டேரி தெரியும். கார்த்திகை பிறந்தால் வலசைப் பறவைகள் வரும். அவற்றைப் பார்க்க டவுனிலிருந்து ஆட்களும் வருவார்கள்.

“கரையில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டால் ஊருக்கு வருமானம் வரும் என்கிறார்களே, உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் விடியற்காலையிலேயே போய் நின்றேன்.

வண்டிகளை எண்ணினால் பதில் கிடைக்காது. வேர்க்கடலை அவித்து விற்கும் அம்மா ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “ஞாயித்துக்கெழம யாவாரத்த வச்சி கணக்கு போடாத தம்பி, செவ்வாக்கெழம வந்து பாரு.”

அவர் சொன்னதுதான் முதல் பாடம். வார நாள், விடுமுறை நாள், பறவை வரும் மாதம், கோடை, மழை என்று எல்லாவற்றிலும் சில நாள் எண்ண வேண்டும். காணும் பொங்கல் கூட்டத்தை 365 ஆல் பெருக்கினால் கிடைப்பது கனவு.

அடுத்து, யாருடைய பணம் என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக 200 பேர் வருகிறார்கள், ஆளுக்கு ரூ.50 செலவழிக்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் ரூ.10,000. அறிக்கை எழுதுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்படுவார்கள். ஆனால் அதில் 80 பேர் சுற்று ஊர்க்காரர்கள். தெருமுனையில் குடிக்கும் டீயை ஏரிக்கரையில் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னும் 30 பேர் திருவக்கரை கோயிலுக்கும் கல்மரப் பூங்காவுக்கும் போகிறவர்கள். பாதை இல்லாவிட்டாலும் வழியில் எங்காவது நிறுத்தித்தான் இருப்பார்கள். மீதி 90 பேர், ரூ.4,500. அதில் ரூ.2,500 பாட்டில் தண்ணீருக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கும் போனால், கடைக்காரருக்கு நிற்கும் லாபம் நூற்றுக்குப் பத்து என்றாலும் ரூ.250தான். மற்றது கம்பெனிக்குப் போய்விடும். இளநீர், கடலை, கொய்யா வாங்கிய ரூ.2,000 மட்டும் ஊருக்குள் சுற்றும். ஆகப் பத்தாயிரம் என்றது ரூ.2,250 ஆகிவிட்டது. அந்த இளநீரும் உள்ளூர்த் தோப்பில் வெட்டியதாக இருந்தால்தான் இந்தத் தொகையும் தேறும்.

‘ஊர்’ என்றால் எதுவரை என்பதும் இங்கே லேசான கேள்வி இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை இன்றும் ஏரியின் குறுக்கே ஓடுகிறது. ஒரு பாதி புதுச்சேரி, மறுபாதி தமிழ்நாடு. புதுச்சேரி தன் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; பிறகு தமிழ்நாடும் அறிவித்தது. பாதை ஒரு பக்கம், கடை மறுபக்கம் என்று அமைந்தால் வில்லியனூர் கொம்யூன் கணக்கில் வரவு குறையும், வானூர் வட்டத்தில் கூடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர் எல்லைக்கல் பார்த்தா பாய்கிறது?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், 1990-ல் மூடிய ரயில் பாதையை 2000-ல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். நீளம் சுமார் 150 கிலோமீட்டர். முடிக்கச் சில நாள் ஆகும் என்பதால் வருகிறவர் வழியில் தங்கித்தான் ஆக வேண்டும். அங்கே விவசாயிகள் வீட்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது அதனால்தான். ஊசுட்டேரிக்கு வருகிறவரோ காலைப் பசிக்குள் புதுச்சேரி திரும்பிவிடுகிறார். அந்த ஊர்க் கணக்கைக் காட்டி இங்கே ஆசை காட்டுவது சரியல்ல.

செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். வரப்பில் உடையும் பாட்டில், வயலில் மேயும் மாடு விழுங்கும் பாலித்தீன், பாதைக்காக மறிக்கப்படும் மேய்ச்சல் வழி, களத்துக்கு வண்டி போகும் தடம். இவற்றை எந்த அறிக்கையும் தானாக எழுதாது. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: பாதை வருவதற்கு முந்தைய ஓர் ஆண்டு எண்ணிக்கை கையில் இல்லாவிட்டால், பிறகு எதையும் ஒப்பிட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர், ஒரு நோட்டு, மாதம் இரண்டு நாள் போதும். எங்கிருந்து வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எதை வாங்கினீர்கள் என்று நான்கே கேள்வி. வரும் கார்த்திகையிலேயே தொடங்கலாம். அதில் ஒரு நாள் செவ்வாய்க்கிழமையாக இருக்கட்டும்.