கண்ணுக்குக் கீழே நாலு விதக் கருமை

கருவளையத்துக்காக வருகிறவர்கள் அதை முதலில் சொல்ல மாட்டார்கள். முடி கொட்டுகிறது, பரு வந்திருக்கிறது என்று காட்டி, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான், "அப்புறம் டாக்டர், இந்தக் கண்ணுக்குக் கீழ..." என்று இழுப்பார்கள். நான் அவர்களை மறுபடியும் உட்காரச் சொல்வேன். உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம்தான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிற ஒரு பெண்ணிடம் தினமும் யாராவது "உடம்பு சரியில்லையா, ராத்திரி தூங்கலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அதைச் சிறிய குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

முகத்தை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்காரச் சொல்வேன். விட்டத்து விளக்கின் கீழே கருவளையத்தைப் பார்க்கவே கூடாது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவ எலும்பின் நிழல் எல்லார் கண்ணுக்குக் கீழும் விழும். பிறகு கீழ் இமைத் தோலை விரல் நுனியால் மெல்லக் கீழே இழுத்துப் பார்ப்பேன். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அரை மில்லிமீட்டர் கனம்கூட வராது, அடியில் கொழுப்பும் இல்லாததுபோலத்தான். அதனால் இழுத்த உடனே விஷயம் தெரிந்துவிடும். பழுப்பு நிறம் அப்படியே நின்றால் அது நிறமி, அதாவது மெலனின். ஊதா நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தால் அடியில் ஓடும் இரத்தக் குழாய்களும் தசையும்தான் தோல் வழியாகத் தெரிகின்றன. கருமை மங்கினால் அது நிழல். வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு இறங்கி, கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தின் நிழலுக்கு எந்தக் க்ரீமைத் தடவினாலும் பயனில்லை. நாலாவது வகை, இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்தது. நம்மூர் முகங்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கலப்பு வகைதான்.

அடுத்தது கேள்விகள். "அம்மாவுக்கு இருக்கா?" என்பது முதல் கேள்வி. பல வீடுகளில் அம்மா, சித்தி, அக்கா என்று வரிசையாக இருக்கும். பரம்பரையாக வந்ததைக் குறைக்க முடியும், துடைத்து எடுக்க முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். நம்பிக்கை கொடுத்துப் பணம் செலவழிக்க வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது கேள்வி, "காலையில எழுந்ததும் தும்மல் வருதா, மூக்கடைக்குதா?" கண்ணுக்கு வந்தவரிடம் மூக்கைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று பார்ப்பார்கள். மூக்கு உள்ளே வீங்கியிருந்தால் கண்ணுக்குக் கீழிருந்து திரும்பிப் போக வேண்டிய இரத்தம் மெதுவாகப் போகிறது, அந்த இடம் ஊதாவாகிறது. அதோடு ஒவ்வாமை கண்ணையும் அரிக்க வைக்கும். அரித்தால் கசக்குவோம். நம் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு: சின்ன உரசலுக்கும் நிறமியைச் சுரந்துதான் பதில் சொல்லும். ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் கீழ் இமைக்கு அடியில் மடிப்புக் கோடுகள் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். கேட்டால் "அவன் எப்பவும் கண்ணக் கசக்கிட்டேதான் டாக்டர் இருப்பான்" என்பார் அம்மா. இங்கே வைத்தியம் மூக்குக்குத்தான்: ஒவ்வாமை மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைப்பது, அரிக்கும்போது கசக்காமல் ஈரத்துணியை வைப்பது. கண்ணில் ஒரு பூச்சும் இல்லாமல் கருமை இறங்கும்போது எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை விலையுயர்ந்த எந்த லேசரும் தந்ததில்லை.

இன்னும் சில கேள்விகள் உண்டு. கண் மை, ஹேர் டை, மூக்குக் கண்ணாடி உரசும் இடம் இவற்றால் வரும் ஒவ்வாமையும் கருமையாகத் தங்கும். கண் அழுத்த நோய்க்குப் போடும் லட்டனோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்துகளும் இமையைக் கருக்க வைக்கும். அதற்காகச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்தின் பின்புறமும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருந்தால் சர்க்கரைப் பரிசோதனை எழுதுவேன். முகம் வெளுத்திருந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முகம் வெளுக்கும்போது வளையம் எடுப்பாகத் தெரிகிறது. தூக்கமின்மையும் அதைத்தான் செய்கிறது, இருக்கிற வளையத்தைக் கூட்டிக் காட்டுகிறது. எல்லாக் கருவளையத்துக்கும் தூக்கத்தைக் குற்றம் சொல்வது சரியில்லை.

நிறமி வகைக்குத்தான் க்ரீம். பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வேறு எதுவும் நிற்காது. வைட்டமின் சி, அசெலாயிக் அமிலம், இரவில் குறைந்த அளவு ரெட்டினால் இவற்றில் ஏதாவது ஒன்றை எழுதுவேன், எல்லாவற்றையும் சேர்த்து அல்ல. இமை ஓரத்தில் வேண்டாம், விரலுக்கு எலும்பு தட்டுப்படும் இடத்தில் ஒரு பச்சைப்பயறு அளவு போதும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். லேசரும் அமிலப் பூச்சும் சிலருக்கு உதவும், வேகம் கூடினால் நம் தோலில் அதுவே புதுக் கருமையைக் கொண்டுவரும். பள்ளத்தை நிரப்ப ஹையலூரானிக் அமில ஊசி இருக்கிறது. அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அரிதுதான், ஆனாலும் பார்லரில் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல அது. வெள்ளரித் துண்டின் குளிர்ச்சி வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும், நிறமியைத் தொடாது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் மேல் வெயில் பட்டால் தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். பக்கத்து வீட்டக்கா சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கண்ணுக்குக் கீழே தடவும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்பு க்ரீம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு ஏற்கெனவே மெல்லிய தோல் இன்னும் மெலிந்து, குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். தொடர்ந்து தடவினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். இப்படிப்பட்ட வெளிப்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

நீங்கள் இப்போது கண்ணுக்குக் கீழே தடவும் ட்யூப்பை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால், ட்யூப்போடு பக்கத்திலுள்ள தோல் மருத்துவரிடம் போய், இதை எப்படிப் படிப்படியாக விடுவது என்று கேளுங்கள். கருவளையத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.