தூக்கிய கை

ஓட்டுப் போடுவது சுலபம், போட்ட ஓட்டோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம் என்று என் பெரியப்பா சொல்வதுண்டு. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். எத்தனையோ தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் இந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது 1939ஆம் வருஷத்து ஓட்டு ஒன்றுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அதை நான் தெரிந்துகொண்டது 1955ஆம் வருஷத்தில். எனக்குப் பன்னிரண்டு வயது. வடக்கு ஆவணி மூல வீதியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சனிக்கிழமைதோறும் மேலூரிலிருந்து ஒருவர் வருவார். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டிருந்த சம்சாரி. உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நாங்கள் அவரை மேலூர்ச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். பெரியப்பாவும் அவரும் 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் போய் அலிப்புரம் சிறையில் ஒரே கொட்டடியில் இருந்தவர்கள். ஒரே தட்டில் கூழ் குடித்த அந்த இருவரும் பிற்பாடு ஆறு வருஷம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று பெரியம்மா சொன்னபோது நான் நம்பவில்லை.

அந்தப் பிரிவுக்குக் காரணம் திரிபுரி.

ஜபல்பூருக்குப் பக்கத்தில், நர்மதைக் கரையில் இருக்கிறது திரிபுரி. 1939 மார்ச்சில் காங்கிரஸ் மகாநாடு அங்கே கூடிற்று. அதற்கு முன்பே, ஜனவரி 29ஆம் தேதி, தலைவர் தேர்தல் அந்தந்த மாகாணத்திலேயே நடந்து முடிந்திருந்தது. ஏற்கெனவே ஒரு வருஷம் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் ஆந்திரத்துப் பட்டாபி சீதாராமய்யா. போஸுக்கு 1580 ஓட்டு, பட்டாபிக்கு 1377. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து, சிறிய வித்தியாசத்தில் போஸ் பக்கம் சாய்ந்தார்கள். அப்படிச் சாய்ந்தவர்களில் பெரியப்பாவும் உண்டு, சித்தப்பாவும் உண்டு.

எல்லாருமே கொள்கைக்காகச் சாய்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. பட்டாபி தனி ஆந்திர மாகாணம் கேட்டவர்களில் முன்னால் நின்றவர். சென்னை நகரம் யாருக்கு என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். “என் ஓட்டில் பாதி போஸுக்கு, பாதி சென்னைப் பட்டணத்துக்கு” என்று பெரியப்பா சிரிப்பார். சித்தப்பா சிரிக்க மாட்டார். அவருடைய ஓட்டு முழுசும் போஸுக்கு.

இரண்டே நாளில் காந்தியடிகள் ஓர் அறிக்கை விட்டார். பட்டாபியின் தோல்வி பட்டாபியினுடையதைவிடத் தம்முடைய தோல்விதான் என்றார். அந்த ஒரு வாசகத்தில் தேர்தல் முழுவதும் தலைகீழாகிவிட்டது. ஜனவரியில் பிரதிநிதிகளுக்கு முன்னால் இருந்த கேள்வி போஸா, பட்டாபியா என்பது. பிப்ரவரி பிறந்ததும் அது போஸா, காந்தியா என்று ஆயிற்று. இந்தக் கேள்வியை ஜனவரியில் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முக்கால்வாசிப் பேர் “இரண்டு பேரும் வேண்டும்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிப்ரவரி கடைசி வாரத்துக்குள் காரியக் கமிட்டியின் பெருந்தலைவர்கள் ராஜிநாமாச் செய்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டு இரண்டு பிரதிநிதிகளும் மதுரையில் ரயிலேறி, சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸைப் பிடித்து, இடார்சியில் இறங்கி, ஜபல்பூர் போய்ச் சேர்ந்தார்கள். போகும் வழியெல்லாம் பேச்சு ஒன்றுதான்.

திரிபுரியில் அவர்கள் கண்ட காட்சி கல் மனத்தையும் கரைக்கும். நாற்பத்திரண்டு வயதுத் தலைவர் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து நிற்கச் சக்தி இல்லை. படுக்கையிலேயே தூக்கி வந்தார்கள். காய்ச்சலே வேஷம் என்று சொன்ன புண்ணியவான்களும் இருந்தார்கள். தலைமையுரையை அவருக்குப் பதிலாக அண்ணன் சரத் சந்திர போஸ் வாசித்தார். பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஆறு மாதக் கெடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். காந்தியடிகள் வரவில்லை, ராஜ்கோட்டில் உண்ணாவிரதம் இருந்து அப்போதுதான் முடித்திருந்தார்.

கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகளின் வழியிலும் பழைய காரியக் கமிட்டியிலும் நம்பிக்கை இருக்கிறது. புதிய கமிட்டியைத் தலைவர் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்பது தீர்மானம். ராஜாஜி அதை ஆதரித்து ஒரு படகுக் கதை சொன்னார். ஆற்றிலே இரண்டு படகுகள். ஒன்று பழையது, பெரியது, ஓட்டுகிறவர் அனுபவசாலி. மற்றது புதிது, வர்ணம் அடித்துக் கொடி கட்டியது, ஆனால் ஓட்டை. நர்மதையோ ஆழமான நதி!

பெரியப்பா கை தூக்கினார். சித்தப்பா தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

போஸைத் தேர்ந்தெடுத்த அதே பிரதிநிதிகளின் சபைதான் ஆறு வாரம் கழித்து அவர் கையையும் கட்டிப்போட்டது. போஸுக்கு ஓட்டுப் போட்டிருந்த சோஷலிஸ்டுகள் இந்தத் தடவை எந்தப் பக்கமும் சேராமல் நடுநிலை வகித்தார்கள். இதைத் துரோகம் என்று சித்தப்பா சொன்னார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்துவிடாமல் காப்பாற்றிய சமரசம் என்று பெரியப்பா சொன்னார். திரும்பி வரும் ரயிலில் ஒருவர் ஜன்னல் பக்கம், மற்றவர் வாசல் பக்கம்.

சமரசம் நிலைக்கவில்லை. போஸ் தாமாகக் கமிட்டி அமைக்க முடியாது; காந்தியடிகளோ பெயர்கள் சொல்ல மறுத்தார். ஏப்ரல் 29ஆம் தேதி கல்கத்தாவில் போஸ் ராஜிநாமாச் செய்தார். சில நாட்களிலேயே பார்வர்டு பிளாக் பிறந்தது. நம் பக்கத்தில் முத்துராமலிங்கத் தேவர் அவரோடு நின்றார்; சித்தப்பா தேவரோடு நின்றார். செப்டம்பர் 6ஆம் தேதி போஸ் மதுரைக்கு வந்தார். யுத்தம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சித்தப்பா கூட்டத்தின் முன்வரிசையில். பெரியப்பா கடையைப் பூட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தின் கடைசியில் ஒரு மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். பேச்சு அவர் காதில் விழவில்லையாம். முகம் மட்டும் தெரிந்ததாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதே வருஷம் ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர் ராஜாஜியின் அத்யந்த நண்பர். அந்தப் பிரவேசத்துக்குத் துணை நின்றவர்களில் தேவரும் ஒருவர். நர்மதைக் கரையில் எதிரெதிராக நின்ற கட்சிகள் வைகைக் கரையில் ஒரே காரியத்துக்குத் தோள் கொடுத்தன. பெரிய மனிதர்களால் அது முடிந்தது. என் பெரியப்பாவும் சித்தப்பாவும் அன்றைக்குக் கோயிலருகே ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறு வேறு வீதி வழியாக வீடு திரும்பினார்கள்.

1945 ஆகஸ்டில், போஸ் விமான விபத்தில் மாண்டார் என்ற செய்தி பத்திரிகையில் வந்த நாள், சித்தப்பா பெரியப்பாவின் கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். பெரியப்பா பையனை அனுப்பிக் காப்பி வரவழைத்தார். “செய்தி பொய் அண்ணாச்சி” என்றார் சித்தப்பா. “பொய்யாகத்தான் இருக்கணும் தம்பி” என்றார் பெரியப்பா. ஆறு வருஷத்துப் பகை அந்தக் காப்பியோடு போயிற்று.

ஆனால் திரிபுரியைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. பத்து வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த திண்ணையில்தான் பேசினார்கள். சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்குப் படுக்கையில கிடந்த மனுஷனப் பாத்துக்கிட்டே எப்படிக் கை தூக்கினீங்க?”

பெரியப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். “காந்தி இல்லாத காங்கிரஸை என்னால நினைச்சே பாக்க முடியலை தம்பி. ஜெயிலுக்குப் போகச் சொன்னது யாரு? நீயும் நானும் போனது யாரு பேச்சைக் கேட்டு? கை தூக்கினதுக்காக நான் இன்னிக்கும் வருத்தப்படலை.”

“அப்போ மரத்தடியில எதுக்கு நின்னீங்க?” சித்தப்பா அவரை அன்றைக்கே பார்த்திருக்கிறார்!

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கை தூக்கினது தப்பில்லை. தூக்கிட்டு, போஸுக்கும் இதுதான் நல்லது, தலைவர் பதவியும் அவருக்கு இருக்கு, காந்தி ஆசியும் கிடைக்கும்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அதுதான் தப்பு. உன்னை விட்டுட்டேன்னு அவர்கிட்ட நேரா ஒரு கடுதாசி எழுதியிருக்கணும். எழுதலை.”

சித்தப்பாவும் தம் பங்கைச் சொன்னார். “நானும் ஒண்ணு சொல்றேன். உங்களை நான் துரோகின்னு சொன்னேன். அந்த மனுஷன் ரங்கூன் ரேடியோவில காந்தியைத் தேசப்பிதான்னு கூப்பிட்டார். அவருக்கே விட முடியலை. எனக்கு மட்டும் என்ன வீறாப்பு?”

போஸ் அப்படிப் பேசியது 1944 ஜூலையில். சமரசம் செய்துகொண்ட பெரியப்பாவுக்கும் செய்துகொள்ளாத சித்தப்பாவுக்கும் இருந்த அதே இரண்டு விசுவாசங்கள், அவர்களுடைய வேட்பாளருக்கும் இருந்திருக்கின்றன.

விசுவாசம் என்றால் கடைசி வரை பிடிவாதமாக நிற்பதுதான் என்று நினைப்பவர்களுக்கு, வேறொரு தேசத்து மகாநாட்டையும் சொல்லத் தோன்றுகிறது. 1924இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூயார்க்கில் கூடியது. ஸ்மித் கட்சியாரும் மெக்கடூ கட்சியாரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 103 தடவை ஓட்டெடுத்தார்கள்! கடைசியில் களைத்துப்போய் டேவிஸ் என்ற மூன்றாவது மனிதரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கூலிட்ஜிடம் தோற்றார். சித்தப்பாவைப் போல நின்றவர்களும், கடைசியில் பெரியப்பாவைப் போலத்தான் வீடு திரும்பினார்கள்.

இன்றைக்குச் சட்டசபை உறுப்பினர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும், கொறடாவின் உத்தரவும் அவர்களுக்குப் பதிலாக யோசித்துவிடுகின்றன. அந்த இரண்டு கிழவர்களுக்குக் கொறடா இல்லை. தாங்களே யோசித்தார்கள், தாங்களே தப்புச் செய்தார்கள். தாங்களே அதைச் சுமந்தார்கள்.

அன்று சித்தப்பா மேலூருக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். இரவு வெகுநேரம் திண்ணையில் பேச்சுக் குரல் கேட்டது. நடுவில் சிரிப்பும் கேட்டது. ஓட்டைப் படகு என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

பெரியப்பாவின் கடைச் சுவரில் காந்தி படம் ஒன்று மாட்டியிருந்தது. அடுத்த வாரம் நான் கடைக்குப் போனபோது அதன் பக்கத்தில் போஸின் படமும் இருந்தது. மேலூர்ச் சித்தப்பா சந்தையில் வாங்கிவந்து கொடுத்தாராம். புது ஆணி அடித்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பெரியப்பா கடைசி வரை அதைப் பூசவே இல்லை.